எல்லைக்கு இந்தப் பக்கம் 600, அந்தப் பக்கம் 120: வேலையில்லாதோர் உதவித்தொகை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாடு-கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வாளையாறு, குமுளி, களியக்காவிளை ஒருபுறம். தமிழ்நாடு-ஆந்திர எல்லையில் நகரி, சத்தியவேடு, குப்பம் மறுபுறம். இந்த ஊர்களில் தமிழ் பேசும் குடும்பங்களுக்கு இரண்டு மாநிலங்களிலும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு அரசாங்கங்களிடம் இரண்டு விதமாகப் பணம் வாங்கும்போது கேள்விகள் எழாமல் இருக்குமா? திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம். தொகைகளும் விதிகளும் அரசாணைகளால் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் வாழும் என் அக்காவுக்கு மாதம் 120 ரூபாய். பொள்ளாச்சியில் இருக்கும் எனக்கு 600 ரூபாய். இருவரும் பட்டதாரிகள். ஏன் இந்த வேறுபாடு?

இந்தியா முழுமைக்கும் பொதுவான வேலையில்லாதோர் உதவித்தொகை என்று ஒன்று கிடையாது. அரசியல் சட்டத்தின் 41ஆவது பிரிவு வேலை பெறும் உரிமையையும், வேலையில்லாக் காலத்தில் அரசின் உதவியையும் பற்றிப் பேசுகிறது. ஆனால் 'அரசின் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு' என்ற நிபந்தனையோடுதான் பேசுகிறது. அது வழிகாட்டு நெறி. அதைக் காட்டி நீதிமன்றத்தில் பணம் கேட்க முடியாது. சமூகப் பாதுகாப்பும் வேலையின்மையும் பொதுப் பட்டியலில் இருப்பதால் ஒவ்வொரு மாநிலமும் தன் திட்டத்தைத் தானே எழுதிக்கொள்கிறது. எழுதாமல் விட்டாலும் கேட்பாரில்லை.

வசதியான மாநிலம் அதிகம் தரும், வசதியற்றது குறைவாகத் தரும் என்று நினைத்தால் கணக்கு பொருந்தாது. முதியோர், விதவைகள் உள்ளிட்டோருக்கான நல ஓய்வூதியத்தைக் கேரளம் 2025 நவம்பரில் மாதம் 1,600 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்த்தியது. அதே மாநிலத்தில், 1982இல் தொடங்கிய வேலையில்லாக் கால வேதனம் 120 ரூபாய். முதியவர்களுக்காக ஒவ்வொரு தேர்தலிலும் குரல் எழுகிறது. வேலையில்லாத இளைஞர்களுக்காகக் குரல் எழும்போது, தொகையை உயர்த்து என்பதைவிட வேலை கொடு என்பதே முழக்கமாக இருக்கிறது. அதனால் தொகை அப்படியே உறைந்து போனது என்பது எங்கள் கருத்து. உங்கள் 600 ரூபாயும் பெருமைப்படக்கூடிய தொகையன்று. பொள்ளாச்சியில் ஒரு சமையல் எரிவாயு உருளையை அதைக் கொண்டு வாங்க முடியாது.

தமிழ்நாட்டில் யாருக்கு எவ்வளவு?

படிப்பைப் பொறுத்தது. பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெறாதவருக்கு மாதம் 200 ரூபாய், தேர்ச்சி பெற்றவருக்கு 300, பிளஸ் டூ முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. மாதாமாதம் வராது, காலாண்டுக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் சேரும். மூன்று ஆண்டுகளோடு முடிந்துவிடும். ஆக, ஒரு பட்டதாரி மொத்தமாகப் பெறக்கூடியது 21,600 ரூபாய்.

மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி விகிதம்: பத்தாம் வகுப்பு வரை 600, பிளஸ் டூ 750, பட்டம் 1,000. அவர்களுக்குப் பத்து ஆண்டுகள் வரை கிடைக்கும்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து ஐந்து ஆண்டுகள் காத்திருந்திருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு ஓராண்டு போதும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்கு இந்த வரம்பு இல்லை. வயது 40க்குள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 45க்குள். கல்லூரியில் முழுநேரம் படித்துக்கொண்டிருப்பவர்கள் பெற முடியாது, அஞ்சல் வழியில் படிப்பவர்கள் பெறலாம்.

இந்த ஐந்து ஆண்டு விதியைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வேலை போனவுடன் தாங்கிப் பிடிக்க வந்த திட்டமன்று இது. வேலையே கிடைக்காமல் ஐந்து ஆண்டுகள் காத்திருந்தவருக்கு ஆறுதலாகத் தரும் தொகை. நேற்று மில்லில் கணக்கு முடித்து அனுப்பப்பட்டவர் இதைத் தேடி வந்தால் வெறுங்கையோடுதான் திரும்புவார். அவருக்கான வழி, பின்னால் வரும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பற்றிய கேள்வியில் இருக்கிறது.

பொறியியல் படித்தவன் நான். எனக்கும் 600 ரூபாய் உண்டா?

இல்லை. பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்குத் தமிழ்நாட்டுத் திட்டத்தில் இடமில்லை. கோயம்புத்தூரைச் சுற்றிலும் இத்தனை பொறியியல் கல்லூரிகளை வைத்துக்கொண்டு இந்த விதியை இன்னும் மாற்றாமல் இருப்பது வேடிக்கைதான்.

உதவித்தொகை வாங்கினால் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு போய்விடுமா?

போகாது. பதிவு மூப்பும் குறையாது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க மறந்தால்தான் போகும். உதவித்தொகை பெறும் காலத்தில் ஆண்டுதோறும் சுய உறுதிமொழி ஆவணம் ஒன்றையும் தர வேண்டும். அதைக் கொடுக்க மறந்து, பணம் நின்றுவிட்டதே என்று கேட்பவர்கள் ஏராளம்.

கேரளத்தில் 120 ரூபாய் வாங்கவும் நிபந்தனைகள் இருக்கின்றனவா?

தொகை சிறியது, நிபந்தனை பெரியது. வயது 21 முதல் 35 வரை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் தேர்வு எழுதியிருந்தாலே போதும். 18 வயதுக்குப் பிறகு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மூன்று ஆண்டுகள் பதிவில் இருந்திருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு இரண்டு ஆண்டுகள். விண்ணப்பமும் பணமும் உள்ளாட்சி வழியாக, அதாவது கிராம பஞ்சாயத்து அல்லது நகராட்சி வழியாக நடக்கும்.

கழுத்தை நெரிப்பது வருமான வரம்பு: குடும்பத்துக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். மாதத்துக்கு ஆயிரம். வடகரப்பதியிலோ எருத்தேன்பதியிலோ தென்னந்தோப்பில் கூலிக்குப் போகும் ஒருவர் இரண்டு நாட்களில் சம்பாதிக்கும் தொகை அது. உண்மையான வருமானத்தைச் சொல்லிச் சான்று வாங்கும் குடும்பம் எதுவும் இதற்குள் அடங்குவது கடினம். 120 ரூபாயை 500 ஆக்கினாலும் இந்த வரம்பை மாற்றாவிட்டால் பயன் இல்லை. இரண்டு மாநிலங்களையும் ஒப்பிடுபவர்கள் தொகையை மட்டும் பார்க்கிறார்கள். வாசலின் அகலத்தையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு வாசல் 72,000, கேரள வாசல் 12,000.

இன்னொரு கணக்கு. கேரளத்தில் 21 வயதில் தொடங்கி 35 வரை தடையில்லாமல் வந்தாலும் பதினான்கு ஆண்டுகளில் 20,160 ரூபாய். தமிழ்நாட்டுப் பட்டதாரி மூன்று ஆண்டுகளில் பெறுவதை அது எட்டாது.

அப்படியானால் கேரளத்தில் இருப்பவர்களுக்கு வேறு எதுவும் இல்லையா?

இருக்கிறது. திறன் பயிற்சி பெறுபவர்களுக்கும் போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கும் மாதம் 1,000 ரூபாய் தரும் 'கனெக்ட் டு வொர்க்' திட்டத்தைக் கேரள அரசு 2025 அக்டோபரில் அறிவித்தது. வயது 18 முதல் 30 வரை, குடும்ப வருமானம் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்குள். அந்த வயதுக்குள் இருப்பவர்கள் 120 ரூபாய்க்கு அலைவதற்கு முன் இதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாகக் கிடைக்கும் சுயதொழில் கடன்களும் உண்டு. 'சரண்யா' திட்டம் விதவைகள், மணமுறிவு பெற்றவர்கள், 30 வயதைக் கடந்தும் மணமாகாத பெண்கள் போன்றோருக்கு 50,000 ரூபாய் வரை தருகிறது; அதில் பாதி மானியம். பாலக்காட்டுத் தமிழ்ப் பெண்களில் தகுதியுள்ள பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை.

மலையாளத்தில் எழுத எனக்கு வராது. தமிழில் மனு கொடுக்கலாமா?

கொடுக்கலாம். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, தமிழர்களும் கன்னடர்களும் சிறுபான்மையினராக வாழும் பகுதிகளில் அவரவர் மொழியில் அரசோடு கடிதப் போக்குவரத்து நடத்த இடம் தருகிறது. கவுன்டரில் இருப்பவர் முகம் சுளிக்கலாம். அதற்காக மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

நகரி, சித்தூர் பக்கம் மாதம் 3,000 ரூபாய் தருகிறார்களாமே?

கேட்பது ஆந்திரச் சித்தூரைப் பற்றி என்று எடுத்துக்கொள்கிறோம். பாலக்காட்டுச் சித்தூரில் அப்படி எதுவும் இல்லை.

ஆந்திரத்தில் கதை வேறு. அங்கே உதவித்தொகை ஆட்சியோடு வரும், ஆட்சியோடு போகும். 2018 அக்டோபர் 2 அன்று சந்திரபாபு நாயுடு அரசு 'முக்கியமந்திரி யுவ நேஸ்தம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 22 முதல் 35 வயதுக்குட்பட்ட, வெள்ளை ரேஷன் அட்டை வைத்திருக்கும் (வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள) குடும்பத்துப் பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் மாதம் 1,000 ரூபாய். அடுத்த ஆண்டு தேர்தல் நெருங்கியபோது அது 2,000 ஆனது. 2019இல் ஆட்சி மாறியது, திட்டம் நின்றது. 2024 தேர்தலில் தெலுங்கு தேசம் கூட்டணி தன் 'சூப்பர் சிக்ஸ்' வாக்குறுதிகளில் ஒன்றாக வேலையில்லா இளைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் என்றது. நீங்கள் கேள்விப்பட்ட எண் இதுதான்.

வாக்குறுதி வேறு, அரசாணை வேறு. உங்கள் ஊர்ச் சச்சிவாலயத்தில் (கிராம அரசு அலுவலகத்தில்) அரசாணை எண்ணைக் கேளுங்கள். இந்த 3,000 ரூபாயைக் காட்டி முன்பதிவுக் கட்டணம் என்று யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

தமிழ்நாட்டையும் ஆந்திரத்தையும் இப்படிப் பார்த்தால் சுவையான ஒன்று தெரியும். ஒன்றில் தொகை சிறியது, ஆனால் எந்தக் கட்சி வந்தாலும் நிற்கவில்லை. மற்றொன்றில் தொகை கண்ணைப் பறிக்கிறது, ஆனால் அடுத்த தேர்தலைத் தாண்டுமா என்பது உறுதியில்லை. குப்பத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்து கர்நாடகத்துக்குள் போனால் 'யுவ நிதி': பட்டதாரிக்கு 3,000, டிப்ளமோவுக்கு 1,500, அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள். 2024 ஜனவரியிலிருந்து கொடுக்கிறார்கள். படிப்பை முடித்து 180 நாட்கள் வேலையில்லாமல் இருந்தால் போதும்; ஆனால் கர்நாடகத்தில் படித்து வளர்ந்தவராக இருக்க வேண்டும். மூன்று மாநிலங்கள் கூடும் அந்த மூலையில் தொகை கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் மாறுகிறது.

கேரளத்தில் படித்த பெண் நான். பொள்ளாச்சிக்கு மருமகளாக வந்துவிட்டேன். தமிழ்நாட்டுத் தொகை கிடைக்குமா?

எல்லைக் குடும்பங்களில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். தமிழ்நாட்டு விதிப்படி விண்ணப்பதாரர் தமிழ்நாட்டில் படித்திருக்க வேண்டும். அல்லது அவருடைய பெற்றோரோ பாதுகாவலரோ குறைந்தது 15 ஆண்டுகள் தமிழ்நாட்டில் வசித்திருக்க வேண்டும். உங்கள் பெற்றோர் இன்னும் கொழிஞ்சாம்பாறையில் இருந்தால் முதல் பார்வையில் இரண்டுமே பொருந்தாது. தாய்மொழி தமிழ் என்பது இதில் கணக்கில் வராது. 1956இல் மாநில எல்லைகளைப் பிரித்தபோது செங்கோட்டையும் கன்னியாகுமரியும் இந்தப் பக்கம் வந்தன. தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் தாலுகாக்கள் அந்தப் பக்கம் நின்றன. அன்று போட்ட கோடு இன்று உங்கள் மனுவின் மேல் விழுகிறது.

செய்யக்கூடியது: பழைய வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவை மாற்றித் தருமாறு கேளுங்கள். பழைய பதிவுக் காலம் இங்கே மூப்பாகச் சேருமா என்பதற்குப் பொள்ளாச்சிப் பக்கம் எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி ஐந்து ஆண்டுகள் காத்திருக்காதீர்கள்.

பொள்ளாச்சியிலிருந்து கேரளத்துக்கு மணமாகிப் போகும் பெண்களுக்கும் இதே சிக்கல் மறுதிசையில் உண்டு.

இரண்டு மாநிலங்களிலும் பதிவு செய்து இரண்டு தொகையும் வாங்கினால்?

செய்யாதீர்கள். ரேஷன் அட்டை, ஆதார் முகவரி, வருமானச் சான்று மூன்றும் ஒரே மாநிலத்தைத்தான் காட்ட முடியும். பிடிபட்டால் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். பொய் உறுதிமொழி தந்த குற்றமும் சேரும். 120 ரூபாய்க்காகவா இந்த வம்பு?

வீடு வாளையாறு, வேலை கோயம்புத்தூர். திடீரென்று வேலை போய்விட்டது. எந்த மாநிலத்தில் கேட்பது?

இப்போதுதான் உருப்படியான பணத்தைப் பற்றிப் பேசுகிறோம். உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் மாநிலம் எது என்ற கேள்வியே இல்லை. அது மத்திய அரசின் காப்பீடு; கஞ்சிக்கோடு தொழிற்பேட்டைக்கும் கோயம்புத்தூர் மில்லுக்கும் ஆந்திரத்து ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டைக்கும் ஒரே விதி. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இதற்குள் வருவார்கள்.

இதில் இரண்டு திட்டங்கள் இருக்கின்றன. முதலாவது 'அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா', 2018 ஜூலையில் தொடங்கியது. முதலில் சராசரி நாள் ஊதியத்தில் 25 விழுக்காடாக இருந்தது. கொரோனாக் காலத்தில் 50 விழுக்காடானது. அதிகபட்சம் 90 நாட்கள், வாழ்நாளில் ஒரே ஒருமுறை. குறைந்தது இரண்டு ஆண்டுகள் காப்பீட்டுக்கு உட்பட்ட வேலையில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய பங்களிப்புக் காலத்தில் (ஒரு காலம் என்பது ஆறு மாதம்) 78 நாட்களாவது பங்களிப்புச் செலுத்தியிருக்க வேண்டும். அதற்கு முந்தைய மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றிலும் அதேபோல் 78 நாட்கள். ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டவருக்கும் விருப்ப ஓய்வு பெற்றவருக்கும் கிடையாது. இந்தத் திட்டத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு என்று அறிவித்து அறிவித்து நீட்டித்து வருகிறார்கள்; எனவே இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் இப்போதைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதம் 15,000 ரூபாய் வாங்கியவர் என்றால் நாளுக்கு ஏறத்தாழ 500. அதில் பாதி 250. 90 நாட்களுக்கு 22,500 ரூபாய். தமிழ்நாடு ஒரு பட்டதாரிக்கு மூன்று ஆண்டுகளில் தருவதைவிட இது அதிகம். அப்படியிருந்தும் இதைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு, ஏனென்றால் வேலையை விட்டு அனுப்பும் நிறுவனம் இதைச் சொல்லி அனுப்புவதில்லை.

இரண்டாவது, 2005 ஏப்ரலில் தொடங்கிய 'ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா'. ஆலை மூடல், ஆட்குறைப்பு, அல்லது வேலைக்குத் தொடர்பில்லாத விபத்தால் 40 விழுக்காட்டுக்குக் குறையாத நிரந்தர ஊனம் ஆகிய காரணங்களால் வேலை போனால் இது. முதல் 12 மாதங்களுக்கு ஊதியத்தில் பாதி, அடுத்த 12 மாதங்களுக்குக் கால் பங்கு. மூடப்பட்ட நூற்பாலைத் தொழிலாளர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

நூறு நாள் வேலையில் வேலை கொடுக்காவிட்டால் பணம் உண்டு என்கிறார்கள். உண்மையா?

உண்மை, சட்டத்திலேயே இருக்கிறது. மகாத்மா காந்தி ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 7ஆவது பிரிவின்படி, வேலை கேட்டு 15 நாட்களுக்குள் தரவில்லை என்றால் வேலையின்மைப் படி தர வேண்டும். முதல் 30 நாட்களுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமல், அதற்குப் பிறகு பாதிக்குக் குறையாமல்.

கூலியே மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால் இதுவும் மாறும். 2025-26க்கு அறிவித்த நாள் கூலி கேரளத்தில் 369 ரூபாய், தமிழ்நாட்டில் 336, ஆந்திரத்தில் 307. ஆக, முதல் மாதத்தில் நாளொன்றுக்குக் குறைந்தது கேரளத்தில் 92.25, தமிழ்நாட்டில் 84, ஆந்திரத்தில் 76.75. இங்கே வரிசை தலைகீழாகிவிட்டது பாருங்கள்: உதவித்தொகையில் கடைசியில் நின்ற கேரளம் இதில் முதலிடம்.

நடைமுறையில் இந்தப் படி யார் கைக்கும் எளிதில் வருவதில்லை. கூலியை மத்திய அரசு தருகிறது, படியை மாநில அரசு தன் பணத்திலிருந்து தர வேண்டும். அதனால் நீங்கள் வேலை கேட்டதற்கே பதிவு இல்லாமல் பார்த்துக்கொள்வது நிர்வாகத்துக்கு வசதி. வேலை கேட்பதை எழுத்தில் கொடுங்கள், தேதியிட்ட ரசீதை வாங்குங்கள். ரசீது இல்லையேல் படியும் இல்லை. வேலை அட்டை தேனி மாவட்டத்து ஊராட்சியில் இருக்க, நீங்கள் ஏலத்தோட்ட வேலைக்காக இடுக்கியில் தங்கியிருந்தால், இடுக்கிப் பஞ்சாயத்தில் கேட்க முடியாது.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்துக்கு மாற்றாகப் புதிய சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. நாட்கள் 125 ஆகின்றன. பெரும்பாலான மாநிலங்கள் செலவில் 40 விழுக்காட்டை ஏற்க வேண்டும். மேலே சொன்ன கணக்கு பழைய சட்டத்தின்படியானது.

பீர்மேட்டில் எஸ்டேட் மூடிவிட்டார்கள். எங்களுக்கு என்ன உண்டு?

மனம் கசக்கும் பதில்தான். தோட்டத் தொழிலாளர்களுக்கு 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி எஸ்டேட்டே மருத்துவமனை, வீடு எல்லாம் தர வேண்டும் என்று வைத்ததால் அவர்கள் இ.எஸ்.ஐ.க்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். எஸ்டேட் மூடியதும் மருத்துவமனையும் போனது, இ.எஸ்.ஐ. தரும் வேலையின்மைப் பணமும் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், முதலாளி விரும்பினால் தோட்டத்தை இ.எஸ்.ஐ.க்குள் கொண்டுவரலாம் என்கிறது. விரும்பினால்!

கேட்டு வாங்க வேண்டியவை: வருங்கால வைப்பு நிதி, ஐந்து ஆண்டுகள் பணியாற்றியவருக்கு ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கில் பணிக்கொடை, மூடலுக்கான இழப்பீடு, நிலுவைக் கூலி. பீர்மேட்டில் 2000ஆம் ஆண்டுவாக்கில் தொடங்கிய மூடல்களுக்குப் பிறகு இந்த நிலுவைக்காகத் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். கேரளம், தமிழ்நாடு, அசாம், மேற்கு வங்கம் ஆகிய நான்கு மாநிலத் தேயிலைத் தொழிலாளர்களின் நிலுவைப் பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரை போனது. சம்பளச் சீட்டு, வேலை எண், வைப்பு நிதி எண் எதையும் தூக்கி எறியாதீர்கள். லயத்தை (எஸ்டேட் தந்த வீட்டை) காலி செய்து கம்பத்துக்கோ போடிக்கோ குடிபெயர்ந்தாலும் உங்கள் உரிமை கேரளத் தொழிலாளர் துறையிடம்தான் இருக்கிறது. ஓணத்தை ஒட்டி மூடிய தோட்டத் தொழிலாளர்களுக்குக் கேரள அரசு தரும் உதவித்தொகையையும் அங்கேயே கேளுங்கள்.

அண்ணன் துபாயில் வேலை இழந்துவிட்டார். ஊருக்கு வந்து வாங்க முடியுமா?

ஐக்கிய அரபு அமீரகத்தில் 2023 ஜனவரியிலிருந்து வேலையிழப்புக் காப்பீடு கட்டாயம். அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹாம் வரை உள்ளவர் மாதம் 5 திர்ஹாம் கட்டுகிறார். குறைந்தது 12 மாதங்கள் கட்டியிருந்தால், அடிப்படைச் சம்பளத்தில் 60 விழுக்காடு, மூன்று மாதங்கள் வரை கிடைக்கும். மாதத்துக்கு உச்ச வரம்பு 10,000 திர்ஹாம். தானாக ராஜினாமா செய்தவருக்கு இல்லை. வேலை போன 30 நாட்களுக்குள் கோர வேண்டும். நாட்டை விட்டு நிரந்தரமாகக் கிளம்பிவிட்டால் உரிமை போய்விடும். எனவே விமான டிக்கெட் எடுப்பதற்கு முன் கோரிக்கையைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்துக்கு எங்கே போவது?

தமிழ்நாட்டில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம். வருமானச் சான்று இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துத் தாசில்தாரிடமிருந்து. கேரளத்தில் உங்கள் பஞ்சாயத்து அலுவலகம். சான்றுக்கு அக்ஷயா மையமும் வில்லேஜ் ஆபீஸும். ஆந்திரத்தில் ஊர்ச் சச்சிவாலயம் அல்லது மீ சேவா. இ.எஸ்.ஐ. கோரிக்கையை இணையத்தில் பதிவு செய்து, கிளை அலுவலகத்தில் ஆதார் நகலையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் தர வேண்டும். படிவங்களுக்குப் பணம் கேட்கும் இடைத்தரகர் எந்த மாநிலத்திலும் தேவையில்லை.